கை நடுக்கம் என்று எழுதிய காகிதம்

ஆவணப்பட விழாவின் தேர்வுக் குழுவிலிருந்து வந்த காகிதத்தில் மொத்தமே நாலு வரி. மூன்று வரி படத்தைப் பற்றி, நல்லவிதமாக. நாலாவது வரி கேமராக்காவைப் பற்றி. "நூல் ஆலைக் காட்சியில் ஒளிப்பதிவாளரின் கை நடுக்கம் கண்ணை உறுத்துகிறது. அந்தக் காட்சியை நீக்கி அனுப்பினால் பரிசீலிக்கலாம்."

கேமராக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாக ஒளிப்பதிவு. அவளுக்கென்று ஒரு பேர் உண்டு, கூப்பிடத்தான் ஆளில்லை. பால் போடுகிறவர்கூட கேமராக்கா என்றுதான் கணக்கில் வைத்திருந்தார். அந்தக் காகிதத்தை டைரக்டர் போனில் அனுப்பியபோது அவள் இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தடவையும் படித்தாள். பிறகு அவனைக் கூப்பிட்டு, எந்தக் கை என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் காட்சியில் கேமராவைக் கையில் பிடிக்கவே இல்லை. ஆலையின் நீளக் கூடத்தில் நூல் சுற்றிய பாபின்கள் நூற்றுக்கணக்கில் நெட்டுக்குத்தாக நிற்கும். அந்த வரிசையை ஒட்டித் தண்டவாளம் போட்டு, ட்ராலியில் கேமராவை ஆணியடித்த மாதிரி இறுக்கி, ஒரே மூச்சில் ஒரு நிமிஷம் பத்து விநாடி எடுத்த காட்சி அது. ஆள் பற்றாக்குறை, அதனால் டைரக்டரே ட்ராலியைத் தள்ளினான். அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சின்னத் திரையைப் பார்த்தபடி கூடவே நடந்தாள். அவ்வளவுதான் அவள் கை செய்த வேலை.

இதையெல்லாம் போனில் சொன்னாள். டைரக்டர் ஆமாம்க்கா, ஆமாம்க்கா என்றான். ஆனால் அவங்க கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கே என்றான். சனிக்கிழமைக்குள் திருத்திய பிரதி போகவேண்டும், அதனால் அந்தக் காட்சியை வெட்டியாயிற்று என்றான். அடுத்த படத்துக்கு வேறொரு கேமராக்காரரிடம் பேசிவிட்டதாகவும், அக்கா கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் நல்லது என்றும் கடைசியில் மென்றுமுழுங்கிச் சொன்னான். போனை வைத்துவிட்டு நாலாம் தடவை படித்தபோதுதான் காகிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. மேலே இருந்த தேதியை அதுவரை பார்க்காமல் விட்டிருந்தாள்.

இந்தத் தொழிலில் கை நடுங்குகிறது என்று ஒரு தரம் பேர் வந்தால் போதும். யாரும் நேரில் கேட்கமாட்டார்கள். கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டிலும் செய்தி பரவியது. கணவர், அவள் காபி ஊற்றும்போதெல்லாம் டம்ளரின் விளிம்பையே பார்த்தார். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நரம்பு வார்டு நர்ஸ். தன் வீட்டுக்கு வரச்சொல்லி, சோபாவில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிக் கோடு போடவேண்டுமாம். கேமராக்கா போட்டாள். கோடு கோணவே இல்லை.

நாத்தனார் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணி."

"அதென்ன இன்னைக்கு?"

"சும்மா சொன்னேன்."

"உங்க வார்டுல சும்மா சொல்லுவீங்களா? என் கையைப் பத்தி மட்டும்தான் சும்மாவா?"

நாத்தனார் பேச்சை மாற்ற, அந்தப் படம்தான் என்ன, காட்டுங்களேன் என்றாள். கேமராக்காவிடம் பென் டிரைவில் வெட்டாத பிரதி இருந்தது. அதை டிவியோடு இணைத்திருந்த சின்னப் பெட்டியில் செருகி ஓடவிட்டாள். ஆலைக் காட்சி வந்தது. பாபின்கள் வரிசையாக நகர ஆரம்பித்தன. நகரவில்லை, தடுக்கின. ஒவ்வொன்றும் ஒரு எட்டு வைத்து, தயங்கி, அடுத்த எட்டு வைத்தது. கேமராக்காவின் வீட்டுக் கணினியில் எண்ணெய் வழிகிற மாதிரி போன காட்சி அது.

நாத்தனார் டிவியை விட்டுவிட்டு அண்ணியின் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் கேமராக்காவை உசுப்பியது. திரும்பப் போட்டாள். திரும்பவும் பார்த்தாள். ஐந்தாவது தடவை பார்க்கும்போது, தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. நீளம், குட்டை, நீளம், குட்டை. நடுங்குகிற கைக்கு ஏது தாளம்? நடுங்கினால் மேலும் போகும், கீழும் போகும், கண்டபடி போகும். இது கால் நொண்டுகிறவர் நடை மாதிரி ஒரே கணக்காகத் தடுக்கியது.

போனில் விநாடிக்கு இருநூற்று நாற்பது படம் வீதம் மெதுவோட்ட வீடியோ எடுக்கிற வசதி இருந்தது. டிவிக்கு முன்னால் மண்டியிட்டு அதை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்து, நாத்தனார் கொடுத்த அதே வெள்ளைத் தாளின் பின்பக்கம் எழுதினாள். பன்னிரண்டு, எட்டு, பன்னிரண்டு, எட்டு. ஒரு பக்கம் முழுக்க அதுவே வந்தது.

விஷயம் இவ்வளவுதான். சினிமா விநாடிக்கு இருபத்துநாலு படம், அதாவது ஃப்ரேம். அந்த டிவி விநாடிக்கு அறுபது தரம் திரையைப் புதுப்பிக்கும். அவள் வீட்டுக் கணினித் திரையின் நூற்றிருபதை இருபத்துநாலால் சரியாகப் பங்கு போடலாம், இந்த அறுபதை முடியாது. அதனால் பெட்டி ஒரு படத்தை மூன்று தரம் காட்டும், அடுத்ததை இரண்டு தரம் காட்டும், போனின் கணக்கில் அதுதான் பன்னிரண்டும் எட்டும். வேகவேகமாக வெட்டிவெட்டிப் போகிற படங்களில் இது யார் கண்ணிலும் படாது. நெட்டுக்குத்தாக நிற்கிற பொருள்களை ஒட்டி நிதானமாக நகர்கிற காட்சியில்தான் மானத்தை வாங்கும். பெட்டியின் அமைப்புகளுக்குள் போய்த் தேடினாள். படத்தின் வேகத்துக்கேற்பத் திரையை மாற்றுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். அதைப் போட்டாள். டிவி ஒரு விநாடி இருண்டு திரும்ப வந்தது. இப்போது திரை இருபத்துநாலுக்கு இறங்கியிருந்தது, ஒரு படத்துக்கு ஒரு தரம். பாபின்கள் வழுக்கிக்கொண்டு போயின.

நாத்தனார், அண்ணி, நான் ஒண்ணும் தப்பா நினைக்கலை என்று ஆரம்பித்தாள். கேமராக்கா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வுக் குழு அலுவலகத்துக்குப் போனாள். டைரக்டரையும் வரச்சொல்லியிருந்தாள். வந்தான், கிளம்பும்போதே களைத்தவன் மாதிரி இருந்தான். இரண்டாம் மாடியில் நீளமான அறை, சுவர் முழுக்கப் பெரிய டிவி, நடுவில் மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள். தலைவர் அவளை உட்காரச் சொன்னார். மூத்த கலைஞர்களை நாங்கள் மதிக்கிறோம் என்று தொடங்கினார். வயசு ஏறும்போது உடம்பு ஒத்துழைக்காமல் போவது யாருக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றார். தன் மூட்டு வலியைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னார்.

அவள் முடிக்கவிட்டாள். படத்தை ஒரு தரம் இங்கேயே போட்டுக் காட்டமுடியுமா என்று கேட்டாள்.

போட்டார்கள். பாபின்கள் அதே மாதிரி நொண்டின. பாருங்கம்மா, நாங்கள் ஐந்து பேரும் பார்த்தது இதைத்தான் என்றார் தலைவர், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அவள் ரிமோட்டைக் கேட்டு வாங்கினாள். அமைப்புகளுக்குள் போனாள், பொத்தானைப் போட்டாள். திரை இருண்டு வந்தது. அதே காட்சியைத் திரும்ப ஓடவிட்டாள். ஒரு நிமிஷம் பத்து விநாடியும் பாபின்கள் தடுக்காமல் போயின. கடைசி பாபின் திரையை விட்டுப் போனது.

தலைவர் மூலையில் நின்ற டெக்னீஷியனைப் பார்த்தார். இதை ஏன் அணைத்து வைத்திருந்தாய் என்று கேட்டார். டெக்னீஷியன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்கதான் சார் அணைக்கச் சொன்னீங்க. ஒவ்வொரு புதுப் படம் போடறப்பவும் டிவி ஒரு தடவை இருட்டாகி வருது, பாக்கிறவங்களுக்கு எரிச்சலா இருக்குன்னு சொன்னீங்க."

கேமராக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு விநாடி இருட்டு உங்களுக்குப் பொறுக்கலை. அதுக்கு என் கையை நடுங்க வச்சிட்டீங்க."

"அப்படி இல்லம்மா. எங்க கண்ணுக்குத் தெரிஞ்சதை எழுதினோம்."

"தெரிஞ்சது தடுக்கலு. எழுதினது கை நடுக்கம். காட்சி தடுக்குதுன்னு எழுதியிருந்தா நானே வந்து பாத்திருப்பேன். யார் கைன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

ஒளிப்பதிவு ஒரு பெண், வயது ஐம்பத்தெட்டு என்று விண்ணப்பத்தில் இருந்ததைத் தவிர வேறு ஆதாரம் தலைவரிடம் கிடையாது. அதைச் சொல்லவும் முடியாது.

அப்போதுதான் டைரக்டர் வாயை விட்டான். நாற்காலியில் சாய்ந்து, மூச்சை இழுத்து விட்டு, தன்னை மறந்து சொன்னான். "அப்பாடா. அப்ப நான் தள்ளினதுல தப்பு இல்லையா."

அறையில் எல்லாருக்கும் கேட்டது. தலைவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. கேமராக்காவுக்குப் புரிந்தது. மெதுவாகத் திரும்பினாள்.

"என்ன சொன்னே?"

"இல்லக்கா, ட்ராலி..."

"நீ தள்ளினதுலதான் கோளாறுன்னு நினைச்சியா?"

அவன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். தண்டவாளத்தின் நடுவில் ஒரு இணைப்பு இடறியது போல அன்றைக்கே தோன்றியது என்றான். காகிதம் வந்ததும் அதனால்தான் என்று நினைத்துவிட்டேன் என்றான். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான்.

"நீ தள்ளினது தடுக்கிச்சுன்னு நினைச்சே. என் கைன்னு எழுதியிருந்ததும் பேசாம இருந்திட்டே. அவங்களுக்காவது தெரியாது. நீ பக்கத்துல இருந்தவன். நான் கையைக் கட்டிக்கிட்டு நடந்ததைப் பாத்தவன். என்னை ஓய்வெடுக்கச் சொன்னியே, அதை எந்த வாயால சொன்னே?"

தலைவர் சமாதானத்துக்கு வந்தார். காட்சி அப்படியே இருக்கட்டும், படம் தேர்வாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது என்றார். ஒரு தாளை எடுத்து, குறை திருத்தப்பட்டது என்று எழுதத் தொடங்கினார்.

"திருத்தப்பட்டதா? நான் என்ன சார் திருத்தினேன்?"

"வழக்கமா அப்படித்தான் எழுதுவோம்மா."

"படத்துல ஒரு புள்ளியைக்கூட மாத்தலை. திருந்தினது உங்க டிவி. அதை எழுதுங்க."

தலைவர் டெக்னீஷியனைப் பார்த்தார். டெக்னீஷியன் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர் எழுதினார். படத்தில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. பார்த்த டிவி தவறான வேகத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒளிப்பதிவாளரின் கை நடுக்கம் என்று எழுதியது தவறு. கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. முந்தைய காகிதம் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும் இதுவும் போகவேண்டும் என்றாள். போகும் என்றார். எப்போது என்றாள். டெக்னீஷியன், இப்பவே அனுப்பிடறேங்க என்று கணினியிடம் போனார். அவருக்கு மட்டும் முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

அனுப்பி முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

படியிறங்கும்போது டைரக்டர் பின்னாலேயே வந்தான். அந்தக் கேமராக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான். "அடுத்த படம் நீங்கதாங்க்கா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இன்னைக்கே சொல்லிடறேன்."

கேமராக்கா கைப்பிடிச் சுவரைத் தொடாமல் அடுத்த படியில் கால் வைத்தாள்.

"ஆறு வாரம் சொல்லாம வச்சிருந்தியே தம்பி. இதையும் அப்படியே சொல்லாம வச்சுக்க."