குணசீலி எழும்பிய உயரம்

நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் இருந்த குணசீலி முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது, கேட்ட காரியம் தேவசித்தமாக இருந்தால் தரையிலிருந்து நான்கு அங்குலம் எழும்புவாள். சித்தமில்லை என்றால் பாயிலேயே இருப்பாள். 1991 மழைக்காலத்தில், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இது தொடங்கியது. முதல் வாரம் எங்கள் தமிழ்ச் சபையார் அலறினோம். அடுத்த வாரமே ஸ்கேல் கொண்டுபோனோம். பிறகு டிரான்ஸ்பரை ஏற்கலாமா, டி.டி.ஏ.வின் அரசு ஃபிளாட்டுக்கு மனுப் போடலாமா, மதுரை மாப்பிள்ளையா நாகர்கோவில் மாப்பிள்ளையா என்று ஜனக்புரியிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்தார்கள். ஜெபத்தில் கண் திறக்கக் கூடாது என்பது ஞாயிறு பள்ளியில் எல்லோரும் கற்றதுதான். அவள் ஒருத்திதான் அதை ஆமென்வரை மதித்தாள். நாங்கள் விரலிடுக்கில் பார்த்தோம். எழும்புவது அவளுக்குத் தெரியாது, முழங்கால் மரத்துப்போகிற மாதிரி இருக்கும் என்பாள். ஆமென் சொல்லிக் கண் திறப்பதற்குள் இறங்கிவிடுவாள். ஆகவே எழும்பினாளா இல்லையா என்று நாங்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

அவள் அப்பா ஆசீர்வாதம் சபைச் செயலாளர், மத்திய அமைச்சகம் ஒன்றில் கிளார்க், தெற்கத்தி நாசரேத்துக்காரர், மனைவியை இழந்தவர். மற்றவர்களுக்காக மூன்று வருஷம் முழங்கால் தேய்த்த குணசீலி, 1994 ஏப்ரலில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்று கேட்டாள். பாடகர் குழுவில் இருந்த தியோடரைக் கட்டிக்கொள்வது தேவசித்தமா? தியோடர் நல்ல பையன், ஸ்டோர் கீப்பர் வேலை, ஞாயிறு தவறாதவன். ஆனால் வேலூர்ப் பக்கம், தோல் பதனிடுகிற குடும்பம். சபையில் ஜாதி இல்லை என்று மாதம் ஒரு பிரசங்கம் உண்டு. அது கல்யாணப் பேச்சுவரை செல்லும், அதற்கு மேல் செல்லாது. ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டில் பதினொரு பேர் கூடினோம். தியோடர் பதிலுக்காகக் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றான். அவள் ஜெபித்தாள். நான்கு அங்குலமாவது, ஒன்றாவது! பாயை விட்டு, நாற்காலி உயரம் தாண்டி, ஃபேனுக்கு ஒரு சாண் கீழேவரை போனாள். ஆசீர்வாதம் எட்டி ஃபேன் ஸ்விட்சை அணைத்தார். இறங்கியவள் முகமெல்லாம் வேர்வையும் ஆசையுமாகக் கேட்டாள்.

"எழும்பினேனாப்பா?"

"இல்ல பிள்ள. அசையவே இல்ல."

அவள் எங்களைப் பார்த்தாள். போதகர் வேதாகமத்தைப் புரட்டினார். மற்றவர்கள் பாயைச் சுருட்டினோம். ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், செயலாளரைப் பகைக்க முடியாது என்பது பாதி. இவள் கல்யாணமாகிப் போய்விட்டால் நம் டிரான்ஸ்பருக்கு யார் ஜெபிப்பது என்பது மீதி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அவள் கீழே போய்த் தியோடரிடம் கர்த்தருக்குச் சித்தமில்லை என்று சொல்லிவிட்டு வந்து இரவு சமையலுக்கு அரிசி களைந்தாள். அவன் போபாலுக்கு மாற்றல் வாங்கிப் போனான், மறுவருஷம் அங்கேயே கல்யாணம். அவள் ஏழு வருஷம் மற்றவர்களுக்காக எழும்பினாள். வேறு வரன் வந்தபோதெல்லாம் உண்மையாகவே பாயில் இருந்தாள். அவளுக்கும் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்ததால், அப்பா ஓய்வு பெற்றதும் குடியிருப்பு அவள் பேருக்கு மாறியது.

2001இல் எதிர்வீட்டுச் சந்திரம்மாள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறவள், சொல்லிக்கொள்ள வந்தாள். மலை மந்திர் முருகனைத் தவிர யாரையும் கும்பிடாதவள், பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. "ஏம்மா, அந்தப் பாட்டுக்காரப் பையன் கீழ பஸ் ஸ்டாப்ல நின்ன அன்னிக்குத் தயிர் வாங்க வந்தப்ப ஜன்னல் வழியாப் பார்த்தேன், ஃபேன்ல தலை இடிச்சிக்கப் போறியேன்னு முருகா முருகான்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு ஓடிட்டேன். அவ்ளோ ஒசரம் போயும் அந்தப் பையனை ஏம்மா வேணாம்னுட்ட?"

குணசீலி உள்ளே போனாள். ஆசீர்வாதம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கர்த்தர் சம்மதிச்சாராமே?"

அவர் பேப்பரை மடித்தார். "கர்த்தர் சம்மதிச்சா போதுமா பிள்ள? ஊர்ல நாம மொகத்தைக் காட்டணும்லா?"

அடுத்த ஞாயிறு, இந்தி ஆராதனை முடிந்து எங்களுக்கு அரங்கு கிடைக்கும் நாலு மணிக்கு, குணசீலி முன்னால் போய் முழங்கால் போட்டாள். கண்ணை மூடவில்லை. எங்கள் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இவங்க மறைச்சாங்க, சரி. நீர் ஏன் ஆண்டவரே ஏழு வருஷம் சும்மா இருந்தீர்?" என்று சத்தமாகக் கேட்டாள். ஒன்றரை அடி எழும்பினாள். ஆமென் சொன்னாள், இறங்கவில்லை. அதன்பிறகு இறங்கவே இல்லை. 615ஆம் பஸ்ஸில் கண்டக்டர் "மேடம், தோடா நீச்சே", கொஞ்சம் கீழே இறங்குங்கள் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்துவிட்டு டிக்கெட் மட்டும் கொடுத்தான். அலுவலகத்தில் அவள் மேஜைக்காலுக்குச் செங்கல் வைக்க மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. எங்களுக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். நாங்களும் தேவசித்தம் அறியாமலே ஃபிளாட் வாங்கினோம், பெண் கொடுத்தோம்.

2004 குளிரில் ஆசீர்வாதம் நெஞ்சுவலி வந்து படுத்தார். "நான் செஞ்சத ஆண்டவர் மன்னிச்சிட்டாரான்னு ஒரு வார்த்தை கேளு பிள்ள" என்று மகளின் கையைப் பிடித்தார். அவள் மறுக்கவில்லை. நின்ற உயரத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தாள். ஏற்கெனவே மேலே இருந்தவள் அன்று எழும்பினாளா இல்லையா என்று சுற்றி நின்ற எங்களில் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் அவர்.

"சொன்னாருப்பா" என்றாள் குணசீலி. போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள், மாத்திரை கொடுத்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். மன்னித்தாரா இல்லையா என்று அவர் தினமும் காலையில் கேட்கிறார். அவளும் தினமும் "சொன்னாருப்பா" என்று அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறாள்.