கிணற்றடியில் இருந்த பெயர்

ஆண்டுக்கொருமுறை வரும் சபை நாளுக்கு முந்திய திங்கட்கிழமை தபீதாள் சபைச் செயலாளர் பிரகாசத்தின் வீட்டுக்குப் போவாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும், நர்ஸ் சேலையைக்கூட மாற்றாமல், கோட்டை மதிலை ஒட்டிய தெருவில் நடப்பாள். பதினோரு ஆண்டுகளாக அந்த வழக்கம் மாறவில்லை; அவளுக்குக் கிடைத்த பதிலும் மாறவில்லை.

சந்திரகிரியின் அச்சிறு சபையில் ஒரு மரபு உண்டு. முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஒன்பது பேரின் பெயர்களைச் சபை நாளன்று வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் வழிவந்தோர் எழுந்து நிற்பார்கள். அப்பெயர்கள் இருந்த பழைய ஏட்டைக் கறையான் அரித்தபோது பிரகாசம் அதைப் புதிதாக எழுதினார். எஞ்சிய தாளில் ‘கன்னையா – கிணறு’ என்றிருந்தது. மற்ற எண்மரும் பைபிள் பெயர் சூடியவர்கள். ஆகவே கன்னையா கிணறு வெட்ட வந்த கூலியாள் என்று தாமாகவே முடிவு செய்து, அப்பெயரை விட்டுவிட்டார். விவரம் அறிந்த பெரியவர்கள் செயலாளரைப் பகைக்க விரும்பாமல் மௌனமாக இருந்தார்கள். கன்னையா தபீதாளின் கொள்ளுத்தாத்தா.

1974ஆம் ஆண்டிலும் அவள் போய் நின்றாள்.

“எங்க நைனா சாகிற வரைக்கும் அந்தப் பேருக்கு எழுந்து நின்னாரு, அண்ணா.”

“நின்னா ஆச்சா? ஞானஸ்நானம் வாங்கினவரு கன்னையான்னு பேரு வெச்சிக்கினு இருப்பாரா? ஆதாரம் கொண்டாம்மா, வாசிக்கிறேன்.”

“ஆதாரத்தைக் கறையான் துன்னுடுச்சி. அது வயித்துல தேடட்டுமா?” என்றாள் தபீதாள். “கிளையெல்லாம் எண்ணுன்னா, குரங்கு தான் குந்திக்கினு இருக்கிற கிளைய விட்டுட்டுத்தான் எண்ணுமாம். அவரு வெட்டின கிணத்துத் தண்ணியத்தான் நீங்க குடிக்கிறீங்க. இனிமே இங்க வரமாட்டேன். கோயிலுக்கும்தான்.”

அந்தக் கோடையில் சபைக் கிணறு வற்றியிருந்தது. சனிக்கிழமை தூர் வாரிய சின்னப்பன் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“சேத்துக்கு அடியில எழுத்து இருக்குது சார்.”

பிரகாசம் படிக்கட்டில் மெல்ல இறங்கி, ஈரக் கல்லைத் தாமே துடைத்து வாசித்தார்: ‘ஞானஸ்நானம் பெற்ற நன்றிக்காகக் கன்னையா வெட்டி இச்சபைக்கு அளித்தது.’ இருமுறை வாசித்தார்.

மறுநாள், சபை நாளான ஞாயிறன்று, முதல் இரண்டு பெயர்களை வாசித்தார். மூன்றாவது, அவர் மீண்டும் எழுதிச் சேர்த்திருந்த கன்னையா. பெண்கள் பக்கத்தில், ஜன்னலோரம், தபீதாளின் இடம் காலியாக இருந்தது. பிரகாசம் ஏட்டை மூடினார்.

“இந்தப் பேரை விட்டது நான்தான். சபையார் கொஞ்சம் காத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

தபீதாள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“கிணத்துக் கல்லுல பேரு இருக்குது, தபீதா. தப்பு என்னுது. வந்து நில்லும்மா.”

“கல்லு சொன்னாத்தான் நம்புவீங்க. பதினோரு வருசமா நான் சொன்னது இன்னா ஆச்சி?”

தபீதாள் கீரையை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

“சேலை மாத்திக்கினு வரேன். அதுவரைக்கும் வாசல்லயே நில்லுங்க.”

பிரகாசம் நின்றார்.