சகலையின் ஊத்தா

என் சகலை உலகநாதனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவனுக்குப் புதுச்சேரிச் சுங்கத்தில் வெள்ளைக்காரத் துரையிடம் உத்தியோகம். எனக்கு வில்லியனூரில் இரண்டு காணி நஞ்சை. பாகூரில் மாமனார் வீட்டுக்கு அவன் வந்தால் புதுப்பாய் விரிப்பார்கள். நான் போனால் மாடு சௌக்கியமா என்று கேட்பார்கள். என் பெண்டாட்டி ஜெயமணிக்கே தங்கை புருஷன் பேச்சென்றால் குரல் இனிக்கும்.

எனக்கிருந்த ஒரே பெருமை பாகூர் ஏரி. சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் தமுக்கடிப்பார்கள். ஊரே மீன் பிடிக்க இறங்கும். அன்று பெரிய விரால் கொண்டுவருகிற மருமகனுக்குத்தான் மாமனார் வீட்டில் தலைத்துண்டு. ஆறு வருஷமாக அது என் இலையைத் தாண்டிப் போனதில்லை.

அந்த வருஷம் உலகநாதனும் பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கினான். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. அதைச் சேற்றில் குத்தி, மேல்வாயில் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். காலையிலிருந்து குத்தியும் எனக்குக் கெண்டைப்பொடிதான். அவன் நாலாவது குத்திலேயே கூடை அதிர்ந்தது. அந்த இடி விரால் இடிதான், எனக்குத் தெரியும். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். இவனுக்கு ஏரியைப் பிளந்துகொண்டு கொடுக்கிறது.

ஒருவன் ஊத்தாவில் இன்னொருவன் கை விடக்கூடாது. அவனாக விலகினால்தான் உண்டு. அது ஊர்க்கட்டு.

"கைய வுடாத சகலை. உள்ள பாம்பு மாரி தெரியுது" என்றேன்.

அவன் வெளிறிப்போய் விலகினான். நான் கையை விட்டேன். விராலோடு ஒரு தேளியும் உள்ளே கிடந்திருக்கிறது. அதன் முள் உள்ளங்கையில் ஏறியதும் அலறிவிட்டேன். கூடை சாய்ந்தது, விரால் போயிற்று. கொட்டியது தேளி மீன்தான் என்று நான் சொல்லச் சொல்ல, உலகநாதன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினான்.

மத்தியானம் கை வீங்கி விரல் மடங்கவில்லை. பக்கத்து வீட்டார் கொடுத்த விரால் குழம்பில் கொதித்தது. தலை யாருக்கு என்று மாமியார் தயங்கியபோது உலகநாதன் எழுந்து நின்றான்.

"பாம்புன்னு நெனச்சுக்கினே எனக்காகக் கைய வுட்டாரு மாமா. கூடப் பொறந்தவன்கூட இதச் செய்ய மாட்டான். அவருக்கு வையுங்க."

ஜெயமணி என் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் முள் எடுத்து ஊட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான் என்பது தேளியைவிடக் கடுத்தது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் அடுத்த கவளத்தை வைத்தாள். விழுங்கிவிட்டேன்.