முகம் சிவக்காத ரொட்டிக்காரன்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இனி நான் கடிக்கும் ரொட்டிக் குச்சியெல்லாம் வாயில் சுண்ணாம்பாகப் போகட்டும். ரொட்டிக் குச்சிக்குப் பேர்போன எங்கள் தூரின் நகரத்துக்காரன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

குற்றவாளிகள் பிறக்கும்போதே குற்றவாளிகள், உடம்பை அளந்தே அவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எங்கள் ஊர்ப் படிப்பாளிகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்தக் குளிர்காலத்தில் மாவு மில் முதலாளியை யாரோ மண்டையில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அன்று காலை மில்லுக்குப் போன ரொட்டிக்காரன் எவாசியோவைப் பிடித்து வந்தார்கள். பார்த்த சாட்சி கிடையாது. அதனால் அப்படி உடம்பை அளந்து சொல்லும் டாக்டர் பெராக்காவை நீதிபதி வரவழைத்தார். அவர் வாயிலிருந்து ‘பிறவிக் குற்றவாளி’ என்று வந்துவிட்டால், எவாசியோ வெளியே வருவது பிணமாகத்தான்.

அவன் மனைவி டெல்ஃபினா முன்வரிசையில் கைக்குட்டையை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்தார். ஒரு காலில் சிவப்புக் காலுறை, மறுகாலில் பச்சை. பெரிய படிப்பாளிகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அளவெடுக்கும் இரும்புக் கவையால் எவாசியோவின் தலையை முன்னும் பின்னும் கவ்வி அளந்தார்.

“காது ரெண்டும் ஜாடிக் கைப்பிடி மாதிரி வெளியே நிக்குது. தாடை கனம். புருவம் நடுவுல ஒட்டியிருக்கு. பரம்பரையா வர்ற அடையாளம்” என்றார் டாக்டர்.

டெல்ஃபினா பக்கத்திலிருந்த காய்கறிக்காரி ஜினெவ்ராவின் காதில் கிசுகிசுத்தாள். “இதே காதுதான் அக்கா எங்க மாமனாருக்கும். அந்த மனுஷன் கோழி அறுக்கச் சொன்னாலே அழுவாரு.”

“வாயை மூடுடி, நீதிபதி பாக்குறாரு.”

அடுத்து மின்சாரப் பெட்டி வந்தது. எவாசியோவின் விரலில் கம்பியைச் சுற்றி, டாக்டர் பிடியைத் திருகினார்.

“வலிக்குதா?”

“எதுங்கய்யா?”

இன்னும் திருகினார். பெட்டி உறுமியது. “இப்ப?”

“இதமா இருக்குங்க.”

கூட்டம் மூச்சை இழுத்தது. “வலி தெரியாத உடம்பு. இவங்களுக்கே உள்ள குணம்” என்று டாக்டர் குமாஸ்தாவை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

டெல்ஃபினா துள்ளி எழுந்தாள். “ஐயா, அது இருபது வருஷம் அடுப்புல வெந்த கைங்க! தணலை விரலால எடுத்து அடுத்தவன் சுருட்டுக்குப் பத்தவைக்கிற மனுஷன்!”

“பொண்டாட்டி பேச்சு சாட்சி ஆகாது. இன்னொரு வார்த்தை பேசினா தூக்கி வெளியே போடச் சொல்லிடுவேன்” என்றார் நீதிபதி. காவலன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். “கடைசிச் சோதனை. பிறவிக் குற்றவாளிக்கு வெட்கம் கிடையாது. முகம் சிவக்காது. இவன் சிவந்தா விட்டுடலாம். சிவக்கலைன்னா...”

எவாசியோவின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

“குடிச்சுட்டுத் தெருவுல விழுந்திருக்கியா? எடையில ஏமாத்தியிருக்கியா? அடுத்தவன் பொண்டாட்டியைப் பாத்திருக்கியா?”

சிவக்க எங்கே ரத்தம் இருந்தது? ஒவ்வொரு கேள்விக்கும் பயத்தில் எவாசியோ வெளுத்துக்கொண்டே போனான். பிசைந்த மாவே தேவலை. டாக்டர் பேனாவை மையில் தொட்டார்.

அவனைச் சிவக்க வைக்கும் விஷயம் ஒன்று டெல்ஃபினாவுக்குத் தெரியும். யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா சுரூபத்தின் மேல் சத்தியம் செய்திருந்தாள். அவள் எழுவதைப் பார்த்த எவாசியோ, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சிறையே மேல் என்றது அந்தப் பார்வை. அதனால் முதலில் வேறொரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பார்த்தாள்.

“இவரு ராத்திரி என் கம்பளிப் பாவாடையைக் கட்டிட்டுத் தூங்குவாரு!”

கூட்டம் சிரித்தது. எவாசியோ இன்னும் வெளுத்தான். காவலன் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். கதவு நெருங்கிக்கொண்டிருந்தது.

“கல்யாண ராத்திரி ஒரு எலி வந்துச்சு!” அவள் கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “அம்மான்னு அலறிட்டு அலமாரி மேல ஏறிட்டாரு! எங்கம்மா வந்துதான் இறக்கினாங்க. இடுப்புல தூக்கி வெச்சு, முதுகைத் தட்டிக் குடுத்து!”

முதலில் கழுத்தில்தான் தொடங்கியது. தாடை, கன்னம், நெற்றி என்று ஏறி, அந்த இரண்டு காதுகளிலும் போய் நின்றது. ஜன்னலில் உறைந்திருந்த பனி சொட்டத் தொடங்கியது. இரண்டு வக்கீல்கள் மேல்கோட்டைக் கழற்றினார்கள். எவாசியோவைப் பிடித்திருந்த இன்னொரு காவலன் கையை உதறிக்கொண்டு ஊதினான்.

“அடேயப்பா, என் கடைக் குடமிளகாய் தோத்துச்சு!” என்று கத்தினாள் ஜினெவ்ரா.

டாக்டர் குனிந்து, எவாசியோவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். சத்தம் அடங்கியது. டாக்டர் நிமிர்ந்து கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சிவப்புதான்” என்றார். “எனக்குச் சந்தேகமே இல்லை.”

அன்றே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் எவாசியோ கேட்டான்.

“எலியோட நிறுத்தியிருக்கலாமே. இடுப்பு எதுக்குடி?”

“எலிக்கு நீங்க சிவக்கலையே!”

டாக்டர் பெராக்கா அதற்குப் பிறகும் பல வருடம் அந்த நீதிமன்றத்தில் முகங்களைப் பார்த்துச் சிவந்ததா இல்லையா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறவியிலிருந்தே சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது; அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து வந்தது.