மஞ்சள் விரல்கள்

அம்மோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆலையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. அமிலம் பட்டுப்பட்டு அவர் விரல்நுனிகள் மஞ்சளாகவே இருக்கும்.

"தேச்சுக் கழுவினா தேஞ்சா போயிடுவீங்க?" என்று எரிந்து விழுவேன்.

"சோப்புக்கெல்லாம் மசியாதுடி. புதுத் தோல் வளர்ந்தாத்தான் போகும்" என்பார்.

நேற்று அங்கே குழாய் கசிந்து, பழுப்புப் புகையைச் சுவாசித்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவர்களிடம், "ரெண்டு இருமல், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வந்து மகராசன் வயிறாரச் சாப்பிட்டார். அந்தப் புகை பல மணி நேரம் பதுங்கியிருந்துதான் நுரையீரலைத் தாக்குமாம். விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

குளிப்பாட்டும்போது கொழுந்தன் அந்த விரல்களையே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"விட்டுடுப்பா," என்றேன். "புதுத் தோல் வளர்ந்தாத்தான் போகும்."