மூன்று மரக்கால் உப்பு

சாப்பாட்டு மேசையில் ராஜ்மோகன் அந்தச் செய்தியைச் சொன்னபோது தம்பி மனைவி விக்டோரின் அவருக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். குழம்பு தட்டைத் தாண்டி மேசை விரிப்பில் சிந்தியது.

“பாத்து ஊத்தக் கூடாதா? பிரான்சுலேந்து வந்த விரிப்பு” என்றாள் அவருடைய மனைவி செலின்.

“நான் சொன்னது காதுல விழுந்துச்சா?” ராஜ்மோகன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். “சந்தியாகப்பர் திருநாளன்னிக்கு ஜெயப்ரியாவப் பீடத்துல ஒப்புக்கொடுத்துடறோம். திருச்சிப் பக்கத்துலேந்து மடத்து மதர் வர்றாங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவாங்க.”

தண்ணீர்ச் செம்போடு வந்த ஜெயப்ரியா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். விக்டோரினின் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த பெண்.

“அவ நர்சிங் படிக்கணும்னு ஆசப்படுறா அத்தான்” என்றாள் விக்டோரின்.

“மடத்துல இல்லாத நர்சிங்கா? ஆண்டவர் கூப்பிடறப்ப படிப்பென்ன, எல்லாம் தானா வரும்.”

ஆண்டவர் அவளைக் கூப்பிட்டது வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. கூப்பிடப்பட்டவளுக்கே தெரியாது. ராஜ்மோகனுக்கு மட்டும் எப்படியோ தகவல் வந்திருந்தது.

ஜெயப்ரியா கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னி கண்டு, டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் அப்பா லியோன், ராஜ்மோகனின் தம்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்ச் சந்தியாகப்பர் கோயில் பீடத்துப் படியில் கிடத்தி, “இனிமே இது உம்ம பிள்ளை” என்று அழுதான். பிள்ளை பிழைத்தது. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பீடத்துப் படியில் வைத்த எதுவும், சேவலோ இளநீரோ பிள்ளையோ, திருநாளன்று பூசை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். பிள்ளையைக் காசுக்குக் கேட்கக் கூடாது, உப்புக்குத்தான் கேட்க வேண்டும். வைத்தவரும் பெற்றவர்களும் கேட்கக் கூடாது. தாய்மாமனோ பெரியப்பனோ ஏலத்தில் எடுத்து, உப்பைப் பீடத்தடியில் கொட்டிவிட்டு, பிள்ளையைத் தாயின் மடியில் போடுவார்கள். அப்படி மூன்று மரக்கால் உப்புக்கு ஜெயப்ரியாவை எடுத்தவர் ராஜ்மோகன்.

ரொம்ப நாள் அது வீட்டில் ஒரு கேலியாக இருந்தது. பிள்ளை அடம்பிடித்தால், “மூணு மரக்கா உப்புக்கு இவ்வளவு கொழுப்பா?” என்று லியோன் சிரிப்பான். கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போன ஒரு நிலக்கரி லாரி அவனை அடித்துப்போட்ட பிறகு அந்தக் கேலி நின்றுபோனது. ராஜ்மோகன் மட்டும் அதை மறக்கவில்லை.

லியோன் செத்த மறு மாதமே விக்டோரின் பின்கட்டு அறைக்கு மாற்றப்பட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டின் அடுப்பு அவளுடையது, மற்றதெல்லாம் செலினுடையது. விசேஷம் என்றால் அவள் முன்னால் வரக் கூடாது. கோயிலில் காணிக்கைப் பவனியில் தட்டுத் தூக்கக் கூடாது. பீடத்துத் துணியை வாராவாரம் துவைத்துக் கஞ்சி போடுவதற்கு விதவையின் கை ஆகும், அதைப் பீடத்தில் விரிப்பதற்கு ஆகாது. எந்த வேதப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். வேதத்தைவிட ஒழுங்காக அனுசரிக்கப்பட்டது.

மடத்து யோசனை எங்கிருந்து முளைத்தது என்பது விக்டோரினுக்குத் தெரியும். ராஜ்மோகனின் மகளுக்குப் பிரான்சில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரதட்சணை என்ற வார்த்தையையே வாயில் எடுக்காத நாகரிகஸ்தர்கள். வீட்டை மட்டும் கேட்டார்கள், அதுவும் கூறு போடாத முழு வீடாக. பாதி வீடு லியோனுடையது. செலின் போனில் யாரிடமோ சிரித்துப் பேசியதை விக்டோரினே கேட்டிருந்தாள்: “கன்னியாஸ்திரிக்கு எதுக்குங்க பாதி வீடு?” விதவைக்கு எதற்கு என்று செலின் கேட்கவில்லை. அது கேள்வியாகவே யாருக்கும் தோன்றவில்லை.

“பிள்ளைக்கு இஷ்டமில்ல அத்தான்.” விக்டோரின் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு பேசியதே அதிகம்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ என்னடான்னா உப்பு குடுத்து மீட்டவனையே எதுத்துப் பேசற. பீடத்துலேந்து வாங்கினது நானு. வாங்கினவன் திருப்பி வைக்கிறேன். உனக்கென்ன வந்துச்சு?”

“பெத்தவ நான்.”

“பெத்தவங்களுக்குப் பீடத்துகிட்ட பேச்சே கெடையாது. ஏலத்துலயே கெடையாது. போயி ரசம் எடுத்துட்டு வா.”

அவள் போய் ரசம் எடுத்துவந்தாள்.

அடுத்த நாளே ஜெயப்ரியாவின் போன் செலினின் பீரோவுக்குள் போனது. நர்சிங் சேர்க்கைக் கலந்தாய்வுக்குப் பாண்டிச்சேரி கிளம்பிய தோழிகள் வாசலில் வந்து கூப்பிட்டபோது, “அவ தியானத்துல இருக்கா” என்று பதில் வந்தது. தியானத்தில் இருந்தவள் பின்கட்டில் பாத்திரத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

விக்டோரின் பஸ் ஏறிக் கோட்டுச்சேரிக்குப் போனாள். அங்கே அவள் அண்ணன் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாக்கியம்னு நெனச்சுக்க” என்றான். “நகை போட வேணாம், நாலு பேரு காலுல விழ வேணாம். அவுங்க பெரிய எடம். நாம மோதி ஆவறதில்ல.” திரும்பும்போது கால் கிலோ சர்க்கரை கட்டிக் கொடுத்தான். தங்கையின் துக்கத்துக்கு அவனால் முடிந்தது அதுதான்.

மிச்சமிருந்தது பங்குச்சாமியார். சனிக்கிழமை துவைத்து மடித்த பீடத் துணியோடு அவள் கோயிலுக்குப் போனாள். சாமியார் இளவயது. ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காற்றில் வந்து படிந்த நிலக்கரித் தூசியைப் பீடத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, பீடத்துல ஒப்புக்கொடுத்ததத் திருப்பிக் கேக்கறது பாவமா?”

விஷயத்தை அவரும் அறிவார். துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பேச ஆரம்பித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவருக்குப் பிடித்த பாடம் போலும்.

“பீடம்னா வெறும் கல்லுமேட இல்லம்மா. அது கிறிஸ்துவேதான். அதனாலதான் நாம அதுக்குத் தல வணங்குறோம், முத்தம் குடுக்குறோம். பழைய காலத்துல அதுல ஆட்டக் கொன்னாங்க, மாட்டக் கொன்னாங்க. ஆபிரகாம் பெத்த மகனையே கிடத்திட்டாரு. கத்திய எடுத்தப்ப கடவுள் தடுத்துட்டாரு. கடைசில அவரே தன்னையே அதுல வச்சாரு, எல்லாருக்குமா சேத்து. அதோட பலி முடிஞ்சு போச்சு. இப்ப அது பந்தி போடுற மேசை. இனிமே யாரும் யாரையும் அதுல வைக்க வேண்டியதில்ல. ஒருத்தர் தன்னத் தானே குடுக்கலாம், மனசு வந்து. அவ்வளவுதான்.”

விக்டோரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் துணியைத் துவைத்தவளுக்கு இதை ஒருவரும் சொன்னதில்லை.

“இதையே எங்க அத்தான்கிட்ட சொல்லுங்க சாமி.”

முகத்தில் வந்த வெளிச்சம் போய்விட்டது. “அவரு பங்குப் பேரவைத் தலைவரும்மா. கோபுர வேல வேற பாதியில நிக்குது. குடும்ப விஷயத்துல நான் நேரா தலையிட்டா நல்லாருக்காது. பிரசங்கத்துல பொதுவா சொல்றேன்.”

“ஆபிரகாம் கையக் கடவுள் பொதுவாவா தடுத்தாரு சாமி?”

அவர் பீடத்தைத் துடைக்கத் திரும்பினார். அவள் துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணன் சொன்னதையும் சாமியார் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும். ஜெயப்ரியா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“யேசு தானாப் போயிப் படுத்தாரு. அதனால அது பலி. என்னைய இழுத்துட்டுப் போயி வைக்கிறாங்களே, அதுக்குப் பேரு என்னம்மா?”

விக்டோரின் தனக்குத் தெரிந்த கதவையெல்லாம் தட்டிவிட்டாள். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் நல்லவர்கள்தான் இருந்தார்கள், எல்லாரும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

திருநாள் வந்தது. பந்தலும் மேளமும் வேட்டுமாகக் கோயில் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. வெள்ளைச் சேலை கட்டி, மாலை போட்டு, கையில் மெழுகுத்திரியோடு ஜெயப்ரியாவை ராஜ்மோகன் நடுவழியில் நடத்திக்கொண்டுபோய்ப் பீடத்துப் படியில் நிறுத்தினார். வீடியோக்காரன் குனிந்து குனிந்து எடுத்தான். சாமியார் பிரசங்கத்தில் பலியைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார். அவ்வளவு பொதுவாகச் சொன்னதால் ராஜ்மோகனே தலையாட்டி ரசித்தார்.

நேராக மடத்துக்கு அனுப்பியிருந்தால் காரியம் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். அது அவருக்குப் போதவில்லை. நேர்ச்சை என்று ஊர் சொல்ல வேண்டும், சம்பந்தி பார்க்க வேண்டும். அதனால் ஏலமும் முறைப்படி நடக்கட்டும் என்று ஏற்பாடு. மதர் ஒரு மரக்கால் கேட்பார், மடத்தை எதிர்த்து யார் மேலே கேட்கப்போகிறார்கள்?

பூசை முடிந்து எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். அங்கேயும் ராஜ்மோகன் வீட்டாருக்கும் சம்பந்திகளுக்கும் முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தது. உப்பு விற்கும் மாரியம்மாள் வழக்கம்போலக் கொடிமரத்தடியில் உப்பைக் குவித்து மரக்காலோடு உட்கார்ந்திருந்தாள். இளநீர்க் குலை போனது, சேவல் போனது. ஒரு கைக்குழந்தையை அதன் தாய்மாமன் இரண்டு மரக்காலுக்கு எடுத்தான். எல்லாரும் சிரித்தார்கள், குழந்தை வீறிட்டது.

பிறகு உபதேசியார் ஜெயப்ரியாவைப் பார்த்தார். வயதான மனுஷர். முப்பது வருஷமாக அந்தக் கோயிலில் ஏலம் கூறுகிறவர். மணியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“லியோன் மகள் ஜெயப்ரியா. கேக்கறவங்க கேக்கலாம்.”

“ஒரு மரக்கால்” என்றார் மதர், மெதுவாக.

“ஒரு மரக்கால், ஒரு தரம்.”

மதிலோரம் மற்ற விதவைகளோடு நின்றிருந்த விக்டோரின் மகளையே பார்த்தாள். வழக்கம் கிடக்கட்டும், கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இத்தனை வருஷம் ரசம் எடுத்துவா என்றதும் மூடிக்கொண்ட வாய் அது.

“ஒரு மரக்கால், ரெண்டு தரம்.”

“மூணு மரக்கா.”

கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கேட்டவள் மாலையும் கழுத்துமாக நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“நாந்தான் கேக்கறேன்” என்றாள் ஜெயப்ரியா. சின்னக் குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “என்னைய நானே எடுத்துக்கறேன்.”

“என்ன கூத்து இது?” ராஜ்மோகன் எழுந்துவிட்டார். “அவ கேக்கக் கூடாது! நீங்க மூணு தரம் சொல்லி முடிங்க உபதேசியாரே.”

உபதேசியார் தலையைச் சொறிந்தார். “பெத்தவங்க கேக்கக் கூடாதுங்க. அது வழக்கம். புள்ள கேக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கமும் இல்லியே. இதுவரைக்கும் வந்ததெல்லாம் பேச்சு வராத புள்ளைங்க.”

“அப்படின்னா நான் அஞ்சு மரக்கா.”

“வச்சவரே எடுக்கக் கூடாதுங்களே.”

ராஜ்மோகன் மதரைப் பார்த்தார். மதர் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிள்ள விரும்பி வருதுன்னுதான் எங்கிட்ட சொன்னீங்க” என்றார். “எங்க மடத்துக்கு இஷ்டமில்லாத பிள்ள வேணாங்க.” இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா செலினின் பக்கம் சாய்ந்து, “இந்தப் பொண்ணுக்கா அந்தப் பாதி வீடு?” என்று கேட்டாள். அடங்கிய குரலில்தான் கேட்டாள். முற்றம் அதைவிட அடங்கிக் கிடந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

“மூணு மரக்கால், மூணு தரம்!” உபதேசியார் மணியை ஆட்டினார். “உப்பக் கொண்டாம்மா.”

ஜெயப்ரியாவின் கையில் மெழுகுத்திரியைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போதுதான் விக்டோரினின் கால் நகர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கொடிமரத்தடிக்கு வந்தாள். மாரியம்மாள் அதற்குள் கூடையில் மூன்று மரக்கால் அளந்து, மேலே ஒரு கை அள்ளியும் போட்டிருந்தாள்.

“எடுத்துட்டுப் போங்கக்கா. காசெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்.”

கூடையின் ஒரு காதைத் தாயும் மறு காதை மகளுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். லியோன் செத்ததிலிருந்து நடுவழியில் விக்டோரின் நடந்ததில்லை. தடுக்க வேண்டியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பீடத்தருகே நின்றிருந்த சாமியார் அவர்களைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். அவரால் முடிந்தது அதுதான். விக்டோரின் படியில் உப்பைக் கொட்டினாள். பிறகு, துவைத்துத் துவைத்துத் தன் கை பழகிய அந்தத் துணியின் மேல், முதல்முறையாக எல்லார் கண் முன்னாலும், உள்ளங்கையை வைத்துக் கும்பிட்டாள். இடி விழவில்லை.

வெளியே வாசலில் ராஜ்மோகன் வழிமறித்து நின்றார். முகம் கறுத்திருந்தது.

“இனிமே என் வீட்டு வாசப்படிய ரெண்டு பேரும் மிதிக்கக் கூடாது.”

“அந்த வாசப்படியில பாதி லியோனோடது அத்தான்” என்றாள் விக்டோரின். குரல் இப்போது வந்துவிட்டது. மகளின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பிறகு செலினைத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, கலந்தாய்வு இன்னும் முடியலையாம். நாங்க இப்பிடியே பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போயிட்டு வந்துடறோம். ராத்திரிக்குச் சோறு நீங்களே வடிச்சுடுங்க.”