நிறுத்த வேண்டாம் என்றொரு நோட்டீஸ்

இரத்தோட்டைக்கு மேலே உள்ள அந்தத் தோட்டப் பாடசாலையில் கணினி ஒன்றுதான். அதை நிறுத்தினால் மறுபடி உயிர் வர இரண்டு நாள் பிடிக்கும். தெரிந்தும், அதிபர் லெட்சுமணன் கண்டபோதெல்லாம் நிறுத்திவிடுவார். ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் அவருக்குப் பொறுக்காது.

ரஜிதா டீச்சரின் இடமாற்ற விண்ணப்பம் அன்று நான்கு மணிக்குள் போய்ச்சேர வேண்டும். வீடு யட்டவத்தைப் பக்கம், மூன்று பஸ். அவள் புறப்படும்போதும் இரண்டு வயது மகள் தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைக் கண்டால், விருந்தாளி வந்ததுபோல் பிள்ளை வெட்கப்பட்டது.

அந்த மலையில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது. இணையம் இருப்பது பாடசாலைக் கணினியில்தான். அதில் படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களை ஏறவிட்டாள். பாதி ஏறும்போது ஐந்தாம் வகுப்புக்கு மணியடித்தது.

"சேர், இத மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

"என்னங்க டீச்சர், நான் என்ன கொரங்கா, கண்டதையும் புடுங்க?"

"போன மாசம் பரீட்சத்தாள் அடிக்கிறப்போ..."

"அது போன மாசம். ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டிட்டுப் போங்க. எவன் கைவைக்கிறான்னு நான் பாக்குறேன்."

வெள்ளைத் தாளில் பெரிதாக 'நிறுத்த வேண்டாம்' என்று எழுதி, திரைக்கு மேலே ஒட்டினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது, அதிபர் அதன் முன்னே மரியாதையோடு நின்றிருந்தார்.

பாடம் முடிந்து வந்தாள். திரை இருண்டிருந்தது. நோட்டீஸ் மட்டும் புது பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தது. உறையைத் தொட்டாள். சூடு இன்னும் ஆறவில்லை.

"எப்படி?" அதிபரின் முகம் மலர்ந்தது. "வெறுந்தாள் ரெண்டு நாள்ல கிழிஞ்சிரும்ல? அதான் லெமினேட் பண்ணிட்டேன்."

அறையில் பிளக் பொயின்ட் ஒன்றுதான். அதில் இப்போது லெமினேட் மெசின் செருகியிருந்தது. கணினியின் வயர் தரையில் கிடந்தது.

அவள் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார்.

"சுவிட்சுல நான் கையே வைக்கல டீச்சர்," என்றார்.

குனிந்து வயரை எடுத்துச் செருகினாள். பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். நான்கு மணிவரை அதன் முன்னே உட்கார்ந்திருந்தாள். அதிபர் தானே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார், அது ஆறிப்போனது.

"அடுத்த வருசமும் விண்ணப்பம் கேப்பாங்கதானே," என்றார். "நோட்டீஸ் ரெடியா இருக்கு. இனிக் கிழியவே கிழியாது."

ரஜிதா அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். நாலு மூலையும் நன்றாக ஒட்டியிருந்தது.